வெளிநாட்டில் இருப்பவர் போனில் வைத்து அனுப்பும் கையொப்பம் இலங்கையில் சட்டப்படி செல்லுமா?

செல்லும். ஆனால் நீங்கள் கேட்கிற வேலைக்குச் செல்லாது.

மட்டக்களப்பில் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்காக இருக்கிறேன். போனில் வைத்த ஒப்பத்தோடு எங்களிடம் வருகிறவர்கள் அநேகமாகக் காணி, வீட்டு அலுவலாகத்தான் வருவார்கள். உங்களுடையதும் அப்படித்தான்: அண்ணா கட்டாரில், கல்லடி வீட்டை இரண்டு வருட வாடகைக்குக் கொடுக்க வேண்டும், ஒப்பந்தத்தில் ஒப்பம் வைத்து பிடிஎஃப் ஆக அனுப்பிவிட்டார்.

2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம், 2017 இல் 25 ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டது. ஓர் ஆவணம் இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதைச் செல்லாது என்று தள்ள முடியாது என்பதுதான் அதன் அடிப்படை. ஒப்பத்துக்கு அது கேட்பதும் அதிகமில்லை. வைத்தவர் யார் என்று தெரிய வேண்டும், உள்ளே இருப்பதற்கு அவர் சம்மதித்தார் என்பது விளங்க வேண்டும், கைக்கொண்ட முறை அந்த வேலைக்குத் தகுந்த அளவுக்கு நம்பகமானதாக இருக்க வேண்டும். அதனால் மின்னஞ்சலின் அடியில் தட்டச்சு செய்த பெயர்கூட ஒப்பமாகலாம். ஒப்பம் வைத்தவர் யார் என்று உறுதிப்படுத்துகிற லங்கா சைன் மாதிரிச் சேவையின் சான்றிதழோடு வரும் டிஜிட்டல் ஒப்பம் இன்னும் பலமானது, ஆனால் எல்லாவற்றுக்கும் அது கட்டாயமில்லை. சரக்கு ஓடர், வேலை ஒப்பந்தம், கணக்கு எழுதிக் கொடுக்கிற சேவை ஒப்பந்தம் போன்றவற்றை இப்படித் தாராளமாக முடிக்கலாம்.

சிக்கல் 23 ஆம் பிரிவில். மரண சாசனம், அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கிற பத்திரம்), காசோலை முதலான மாற்றுண்டியல்கள், நம்பிக்கைப் பொறுப்பு (டிரஸ்ட்), அசையாச் சொத்தை விற்கிற அல்லது அதில் உரித்துக் கொடுக்கிற ஒப்பந்தம் ஆகியவற்றை இந்தச் சட்டம் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. காணி விஷயத்தில் இன்றைக்கும் ஆட்சி 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்துடையது. காணிப் பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்துகிற நொத்தாரிசு ஒருவர், சாட்சி இருவர், எல்லாரும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருந்து ஒப்பம் வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் வாடகைக்கும் இதே விதிதான். பலருக்கு இது தெரியாது. வீடு வாடகைக்கு விடுவதெல்லாம் சும்மா கடதாசி எழுதுகிற அலுவல் என்று நினைக்கிறார்கள்.

அண்மையில் செங்கலடிப் பக்கத்து அம்மா ஒருவர் போனை நீட்டி, "தம்பி, மகன் ஒப்பம் வெச்சு வாட்ஸ்அப்புல போட்டிருக்கான், பிறின்ட் எடுத்து உறுதி முடிச்சுத் தாங்க" என்றார். விரலால் கிறுக்கிய ஒப்பத்தைச் சுற்றி ஒரு வெள்ளைச் சதுரம், அது புள்ளிக்கோட்டில் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது. மகனுடைய ஒப்பம்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. சட்டம் கேட்பது அதுவல்ல என்பதை அவருக்கு விளங்கப்படுத்தப் பெரும் பாடுபட்டேன்.

வயலுக்கு அந்தப் பழைய சட்டமே ஒரு வழி விட்டிருக்கிறது. உரித்தாளரும் செய்கைக்காரரும் விளைச்சலில் பங்கு என்று நேரடியாகப் பேசி, பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாமல் செய்தால் எழுத்தே தேவையில்லை. எங்கள் பக்கத்துப் படுவான்கரையில் எத்தனையோ ஏக்கர் அப்படித்தான் விளைகிறது. ஆனால் அது வீட்டுக்குப் பொருந்தாது.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. அண்ணா தோகாவிலுள்ள இலங்கைத் தூதரகத்துக்குப் போய், அதிகாரி முன்னிலையில் உங்கள் பெயருக்கு அற்றோணித் தத்துவம் எழுதி, மூலப் பிரதியைக் கூரியரில் அனுப்பட்டும். ஸ்கேன் பிரதியை நம்பி இருக்க வேண்டாம். அது வந்ததும் இங்கே பதிவு செய்துவிட்டு, அவருக்காக நீங்களே நொத்தாரிசு முன்னிலையில் வாடகை ஒப்பந்தத்தில் ஒப்பம் வைக்கலாம். அந்த அலைச்சல் வேண்டாம் என்றால் மாத வாடகையாகக் கொடுங்கள்; ஒரு மாதத்துக்கு மேற்படாததால் அதற்கு நொத்தாரிசு தேவையில்லை. வாடகைப் பணம் மாதாமாதம் வங்கிக் கணக்குக்கு வரட்டும். வாடகைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்சொட் எடுத்ததோடு அழித்துவிடாமல், போனில் அப்படியே வைத்திருங்கள். வழக்கு என்று வந்தால் இலத்திரனியல் பதிவையும் நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கும்.

அந்த பிடிஎஃப் ஐ வைத்து முற்பணம் எதுவும் வாங்கிவிடாதீர்கள். வாங்கியிருந்தாலும், இரண்டு வருடம் என்ற பேச்சைப் பிடித்துக்கொண்டு நீங்களும் நிற்க முடியாது, வாடகைக்காரராலும் முடியாது.