கன்ஸ்ட்ரக்டர் நீண்டால் கன்டெய்னரை உள்ளே அனுப்பலாமா?

கேள்வி: மைக்ரோசாஃப்டின் வலைச் செயலிக் கட்டமைப்பான ஏஎஸ்பி டாட்நெட் கோரில் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதுகிறோம். பில் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் (அதன் ஆப்ஜெக்டை உருவாக்கும் பகுதி) ஒன்பது உள்ளீடுகளாக நீண்டுவிட்டது: வரி விகிதம், எச்எஸ்என் (பொருளின் வரி வகைக் குறியீடு) தேடல், மாநில விதி, பில் எண், இருப்பு, தரவுத்தளம், அச்சு, எஸ்எம்எஸ், மின்னஞ்சல். அதனால் எல்லா கிளாஸுக்கும் ஐசர்வீஸ்புரொவைடரை, அதாவது எல்லா ஆப்ஜெக்ட்களையும் உருவாக்கித் தரும் கன்டெய்னரை, மட்டும் கொடுத்து, வேண்டியதை உள்ளே கேட்டு வாங்கிக்கொள்கிறோம். ஆனால் யூனிட் டெஸ்ட் (ஒவ்வொரு கிளாஸையும் தனியாகச் சோதிக்கும் நிரல்) எழுதுவது பெரும்பாடாகிவிட்டது. சர்வரில் இரவில் ஓடும் பின்னணி வேலையில் பழைய விலை வருகிறது, சில நாட்களில் தரவுத்தளப் பிழையும் வருகிறது. இந்த முறை சரிதானா?

பதில்: சரியில்லை. நீங்கள் சொல்லும் தொல்லைகள் எல்லாமே ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. கன்டெய்னரைத் தெரிந்துகொள்ளத் தேவையில்லாத கிளாஸ்களின் கையில் அதைக் கொடுத்துவிட்டீர்கள்.

டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்பது எளிய விஷயம். தனக்கு என்ன வேண்டும் என்று கிளாஸ் தன் கன்ஸ்ட்ரக்டரில் சொல்கிறது. வெளியே இருப்பவர் கொண்டுவந்து கொடுக்கிறார். அந்தக் கொடுக்கும் வேலையைத் தானாகச் செய்வதற்குத்தான் கன்டெய்னர். சிறிய நிரலில் அது இல்லாமலே, தொடக்கக் கோப்பில் ஆப்ஜெக்ட்களை நாமே உருவாக்கிக் கோத்துவிடலாம். நீங்கள் செய்திருப்பதற்கு, அதாவது கிளாஸே கன்டெய்னரிடம் போய்க் கேட்பதற்கு, பெயர் சர்வீஸ் லொகேட்டர். இரண்டும் வேறு என்பதை மென்பொருள் வடிவமைப்பு எழுத்தாளர் மார்ட்டின் ஃபௌலர் 2004-லேயே விரிவாக எழுதிவிட்டார். இன்றும் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்பது உள்ளீடு இருந்தபோது உங்கள் பில் கிளாஸ் உண்மையைச் சொன்னது. இப்போது அதன் கன்ஸ்ட்ரக்டரைப் படித்தால் எதுவும் தெரிவதில்லை. டெஸ்ட் எழுதுபவர் முழு நிரலையும் வரி வரியாகப் படித்து, எங்கெங்கே எதைக் கேட்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. ஒரு சேவையைப் பதிவு செய்ய மறந்தால், அந்த வரி ஓடும்போதுதான், அதாவது கடைக்காரர் பில் போடும் நேரத்தில்தான், பிழை வெடிக்கும். கன்ஸ்ட்ரக்டரில் கேட்டிருந்தால் வேலிடேட்ஆன்பில்ட் என்ற அமைப்பு செயலி தொடங்கும்போதே பிடித்துக் கொடுத்திருக்கும். மெத்தடுக்குள் நடக்கும் வேண்டுகோள்கள் அதன் கண்ணுக்குத் தெரியாது.

ஒன்பது என்ற எண்ணிக்கையை மறைக்காதீர்கள், அதைப் படியுங்கள். விகிதம், எச்எஸ்என், மாநில விதி ஆகிய மூன்றும் ஒரே கேள்விக்காக வருகின்றன: இந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி, அது சிஜிஎஸ்டி - எஸ்ஜிஎஸ்டியா, ஐஜிஎஸ்டியா? அவற்றை வரிக்கணக்கு என்ற ஒரு கிளாஸுக்குள் கொண்டுபோங்கள். அச்சு, எஸ்எம்எஸ், மின்னஞ்சல் மூன்றும் பில் முடிந்த பிறகு நடப்பவை. பில் வழங்கல் என்று இன்னொன்று. மீதி பில் எண், இருப்பு, தரவுத்தளம். ஒன்பது ஐந்தாகிவிட்டது. உள்ளீடுகளைக் குறைத்ததைவிட, வரிக்கணக்கைத் தனியாகச் சோதிக்க முடிகிறதே, அதுதான் எனக்குப் பெரிய லாபமாகத் தெரிகிறது. அந்த டெஸ்டில் கன்டெய்னரே வேண்டாம். போலி ஆப்ஜெக்ட்களைக் கையால் கொடுத்தால் போதும்.

இனி இரவு வேலைக்கு வருவோம். டாட்நெட் கன்டெய்னரில் ஆயுட்காலம் மூன்று வகை. டிரான்சியன்ட் என்றால் கேட்கும்போதெல்லாம் புதிது, ஸ்கோப்டு என்றால் ஒரு ஸ்கோப்புக்கு (திறந்து மூடும் ஒரு வேலைப் பகுதிக்கு) ஒன்று, சிங்கிள்டன் என்றால் செயலி முழுவதற்கும் ஒன்றே. தரவுத்தளத்தோடு பேசும் டிபிகான்டெக்ஸ்ட் வழக்கமாக ஸ்கோப்டு. வலைக் கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்கோப் திறக்கப்படுவதால் அங்கே உங்களுக்குச் சிக்கல் தெரியவில்லை. பின்னணி வேலையோ சிங்கிள்டனாகப் பதிவாகிறது. அதன் கைக்கு வரும் புரொவைடர் வேர் கன்டெய்னருடையது, அதாவது செயலி முழுவதற்குமானது. அதனிடம் டிபிகான்டெக்ஸ்ட் கேட்டால், முதல் நாள் கொடுத்த அதே ஆப்ஜெக்ட் செயலி நிற்கும் வரை திரும்பத் திரும்ப வரும். முன்பு படித்த பொருளை அது நினைவில் வைத்திருப்பதால், பகலில் மாற்றிய விலை இரவில் அதற்குத் தெரியாது. இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் அதைத் தொட்டால் பிழை, ஏனென்றால் டிபிகான்டெக்ஸ்ட் பல த்ரெட்களுக்கு (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளுக்கு) பாதுகாப்பானது அல்ல.

டெவலப்மென்ட் சூழலில், ஸ்கோப்டு ஆப்ஜெக்டை வேர் கன்டெய்னரிடம் கேட்பதைப் பிடிக்கும் வேலிடேட்ஸ்கோப்ஸ் தானாகவே இயங்கி இதை உடனே தடுத்திருக்கும். புரொடக்‌ஷனில் அது இயல்பாக இயங்குவதில்லை. இரவு வேலை உங்கள் கணினியில் ஒருமுறைகூட ஓடியிருக்காது என்று நினைக்கிறேன். யூஸ்டிஃபால்ட்சர்வீஸ்புரொவைடர் வழியாக வேலிடேட்ஆன்பில்ட், வேலிடேட்ஸ்கோப்ஸ் இரண்டு சோதனைகளையும் சர்வரிலும் இயக்கிவிடுங்கள். அதற்கு ஆகும் நேரச்செலவு சிறிது. கடையின் கணக்கு தவறாகாமல் இருப்பது அதைவிட முக்கியம்.

திருத்தம் இதுதான்: பின்னணி வேலைக்கு, ஸ்கோப் திறந்து தரும் ஐசர்வீஸ்ஸ்கோப்ஃபேக்டரியைக் கொடுங்கள். ஒவ்வொரு இரவும் புதிய ஸ்கோப் திறந்து, அதிலிருந்து வேலையைச் செய்யும் ஒரே ஒரு ஆப்ஜெக்டைக் கேட்டு வாங்கி, முடிந்ததும் ஸ்கோப்பை மூடுங்கள். கடைகளை இணையாக ஓட்டினால் கடைக்கு ஒரு ஸ்கோப். கன்டெய்னரை நேரடியாகக் கேட்பது நியாயமாகும் அபூர்வமான இடங்களில் இது ஒன்று.

இந்தத் திருத்தத்தை இன்றே செய்யுங்கள், சோதனைகளை இயக்குவது அதற்குப் பிறகு. வரிசை மாறினால் இரவு வேலை நின்றுவிடும். கன்ஸ்ட்ரக்டர் மாற்றத்துக்கு அவசரம் வேண்டாம், பில் கிளாஸில் தொடங்கி ஒவ்வொன்றாகச் செய்யலாம். நிரல் முழுவதிலும், கன்டெய்னரிடம் கேட்கும் மெத்தடான கெட்ரிக்வயர்டுசர்வீஸ் என்று தேடிப் பாருங்கள். தொடக்கக் கோப்பிலும் பின்னணி வேலையிலும் மட்டும் அது தென்படும் நாளில் இந்த வேலை முடிந்தது.