தேவனின் பெயரை எழுதாத சட்டம்

கேள்வி: அமெரிக்கா கிறிஸ்தவ விசுவாசத்தின்மேல் நிறுவப்பட்ட தேசம் என்றும், அதன் முதல் காங்கிரஸே ஜெபத்தோடு தொடங்கியது என்றும், அரசியல் சட்டம் வேதத்திலிருந்து எழுதப்பட்டது என்றும், அதனால்தான் தேவன் அந்த நாட்டை உயர்த்தினார் என்றும் எங்கள் சபைக்கு வந்த ஊழியர் ஒருவர் பிரசங்கித்தார். இது உண்மைதானே? அப்படியானால் நம் தேசமும் அதுபோல் ஆக நாம் ஜெபிக்க வேண்டாமா? உங்கள் பத்திரிகை இதைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை? (வாசகர் ஒருவர், நாகர்கோவில்)

பதில்: வாய் திறக்கிறேன், சகோதரரே. அரசியல் சட்டம் வேதத்திலிருந்து எழுதப்பட்டது என்பது பொய். அந்த ஊழியர் வேண்டுமென்று பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. யாரோ சொன்னதை நம்பிச் சொல்லியிருப்பார். ஆனால் பிரசங்க பீடத்தில் நின்று ஒன்றைச் சொல்வதற்கு முன் அந்தச் சட்டத்தை ஒருமுறை வாசித்திருக்கலாம். ஒரு மணி நேரத்தில் வாசித்து முடித்துவிடக்கூடிய அளவுதான் அது.

1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தில் தேவன் என்ற சொல்லே இல்லை. கிறிஸ்துவின் பெயர் இல்லை. வேதவசனம் எதுவும் இல்லை. கடைசியில் தேதி குறிப்பிடும்போது 'நமது ஆண்டவரின் ஆண்டு' என்று அக்கால வழக்கப்படி எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மதத்தைக் குறித்து அது நேராகச் சொல்வது ஆறாம் பிரிவில் வரும் ஒரே விஷயம்: அரசுப் பதவி எதற்கும் மதத்தைத் தகுதியாகக் கேட்கக் கூடாது. 1791இல் சேர்ந்த முதல் திருத்தம் இன்னும் ஒரு படி போய், காங்கிரஸ் எந்த மதத்தையும் அரசு மதமாக நிறுவக் கூடாது, எவருடைய வழிபாட்டையும் தடுக்கக் கூடாது என்றது.

அந்தச் சட்டத்தை எழுதக் கூடிய மாநாட்டில் ஜூன் 28ஆம் தேதி, தேசத்தை நிறுவியவர்களில் ஒருவரான 81 வயது பெஞ்சமின் பிராங்க்ளின் எழுந்து, தினமும் காலையில் ஜெபத்தோடு கூட்டத்தைத் தொடங்கலாம் என்று முன்மொழிந்தார். இந்தப் பேச்சை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மாநாடு அதை ஏற்காமலே கலைந்தது. மூன்று நான்கு பேரைத் தவிர மற்றவர்கள் ஜெபம் தேவையில்லை என்று நினைத்தார்கள் என்று பிராங்க்ளினே குறித்துவைத்தார்.

முதல் காங்கிரஸ், அதாவது அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய முதல் பேரவை, ஜெபத்தோடு தொடங்கியது என்பது உண்மை. 1774 செப்டம்பரில் ஜேக்கப் டுஷே என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் 35ஆம் சங்கீதத்தை வாசித்து ஜெபித்தார். அங்கிருந்த பலர் உருகிப்போனார்கள். அதே டுஷே, 1777இல் பிரிட்டிஷ் படை பிலடெல்பியாவைப் பிடித்ததும், சுதந்திரப் பிரகடனத்தைத் திரும்பப் பெற வழி செய்யுங்கள் என்று அமெரிக்கப் படைத்தளபதி ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார். நம்மில் பலர் தகப்பனைப்போல் மதிக்கும் ஜான் வெஸ்லியும் 1775இல் அமெரிக்கக் குடியேற்றங்களைக் கண்டித்து, ராஜாவின் பக்கம் நின்று எழுதினார். பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற நடந்த அந்தப் போரின் இரு பக்கங்களிலும் ஜெபித்தவர்கள் இருந்தார்கள். ஒரு பக்கத்து ஜெபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தேவன் இந்தத் தேசத்தை நிறுவினார் என்று சொல்வது எப்படி நியாயம்?

நிறுவியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி விசுவாசிகளும் அல்ல. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில் ஜான் விதர்ஸ்பூன் பிரஸ்பிட்டேரியன் போதகர். அவருடைய விசுவாசத்தை யாரும் சந்தேகிக்க முடியாது. அந்தப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெபர்சனோ, சுவிசேஷங்களிலிருந்து அற்புதங்களையும் உயிர்த்தெழுதலையும் விட்டுவிட்டு, போதனைகளை மட்டும் கத்தரித்து ஒட்டித் தனக்கென ஒரு புத்தகம் செய்துகொண்டார். இயேசுவின் தெய்வத்துவத்தைப் பற்றித் தனக்குச் சந்தேகம் உண்டு என்று பிராங்க்ளின் 1790இல், சாவதற்குச் சில வாரங்களுக்கு முன், வெளிப்படையாக எழுதினார். வாஷிங்டன் பனியில் முழங்காலிட்டு ஜெபிக்கும் படம் நம் ஊர் வீடுகளிலும் தொங்குகிறது. அந்தக் கதை அவர் இறந்தபின் பரப்பப்பட்டது. அது நடந்த காலத்துச் சான்று எதுவும் அதற்கு இல்லை.

இதையெல்லாம் சொல்வதால், கிறிஸ்தவ விசுவாசத்துக்கு அந்தத் தேசத்தின் தோற்றத்தில் பங்கே இல்லை என்று சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். அப்படிச் சொல்லும் மதச்சார்பற்ற எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் தவறு. கொடுங்கோல் அரசனுக்குக் கீழ்ப்படிய வேண்டிய கடமை கிறிஸ்தவனுக்கு இல்லை என்று ஜோனதன் மேஹ்யூ பாஸ்டனில் 1750லேயே பிரசங்கித்தார். வேதத்தைத் தேவவாக்கு என்று ஏற்காத தாமஸ் பெயின்கூட, முடியாட்சிக்கு எதிராக மக்களைத் திரட்டியபோது சாமுவேலின் புத்தகத்திலிருந்துதான் வாதாடினார். அந்த மக்களுக்குப் புரிந்த மொழி அதுவாகத்தான் இருந்தது.

ஆனால் விசுவாசம் அந்தத் தேசத்துக்குக் கொடுத்த பெரிய கொடை எது என்று என்னைக் கேட்டால், நான் உங்களை வர்ஜீனியாவின் சிறைகளுக்குத்தான் அழைத்துப்போவேன்.

பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த காலத்தில் வர்ஜீனியாவில் இங்கிலாந்து திருச்சபைதான் அரசுச் சபை. வேறு சபையைச் சேர்ந்தவனும் அதன் குருவானவரின் சம்பளத்துக்கு வரி கட்ட வேண்டும். அந்தச் சம்பளம் ஆண்டுக்கு 16,000 பவுண்டு எடை புகையிலை. பிரசங்கிக்க அரசின் உரிமம் வேண்டும். பாப்டிஸ்ட் போதகர்கள் பலர் அந்த உரிமத்தைக் கேட்க மறுத்தார்கள். தேவன் கொடுத்த அழைப்புக்கு மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து எதற்கு என்பது அவர்கள் நிலை. 1768 ஜூனில் ஸ்பாட்சில்வேனியாவில் ஜான் வாலர், லூயிஸ் கிரெய்க் முதலியோரைப் பிடித்து, ஓராண்டும் ஒரு நாளும் பிரசங்கிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். அவர்கள் வாக்குக் கொடுக்காமல் சிறைக்குப் போனார்கள். கல்பெப்பர் சிறையில் இருந்த ஜேம்ஸ் அயர்லாந்து, கம்பிகளின் வழியே வெளியே நின்ற மக்களுக்குப் பிரசங்கித்தார். கேட்க வந்தவர்கள்மேல் குதிரைகளை ஓட்டினார்கள் என்றும், தன் அறைக்குள் கந்தகப் புகையை ஏற்றினார்கள் என்றும் அவரே எழுதிவைத்திருக்கிறார். இதைச் செய்தவர்கள் கிறிஸ்துவை அறியாத அந்நியர்கள் அல்ல. ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போய் நற்கருணை எடுத்தவர்கள். கிறிஸ்தவ அரசு என்று ஒன்று இருந்தால் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு வேறு சாட்சி தேவையா? அதற்கும் நூறு ஆண்டுகளுக்கு முன், 1660இல், விசுவாசத்துக்காகவே கடல் கடந்து வந்த பியூரிட்டன்கள் பாஸ்டனில் மேரி டையர் என்ற பெண்மணியைத் தூக்கிலிட்டார்கள். குவேக்கர் சபையைச் சேர்ந்த அவர், தடையை மீறி அந்த ஊருக்குத் திரும்பி வந்ததுதான் குற்றம்.

பக்கத்து மாவட்டத்தில் ஐந்தாறு நல்ல மனிதர்கள் தங்கள் விசுவாசத்தைச் சொன்னதற்காகச் சிறையில் கிடக்கிறார்கள் என்று 1774 ஜனவரியில் 22 வயது இளைஞர் ஒருவர் நண்பருக்குக் கோபத்தோடு கடிதம் எழுதினார். அவர் ஜேம்ஸ் மேடிசன், பின்னாளில் அரசியல் சட்டத்தின் சிற்பி. அந்தக் கோபம் அவரை விட்டுப் போகவில்லை.

1784இல் வர்ஜீனியாவின் அரசியல் தலைவர் பேட்ரிக் ஹென்றி அங்கே ஒரு மசோதாவுக்காக வாதாடினார். கிறிஸ்தவப் போதகர்களுக்குச் சம்பளம் கொடுக்க எல்லோரும் வரி கட்ட வேண்டும். யாருடைய வரி எந்தச் சபைக்குப் போக வேண்டும் என்பதை அவரவரே தீர்மானித்துக்கொள்ளலாம். பாப்டிஸ்டுகளுக்கும் பங்கு கிடைத்திருக்கும். நம் காலத்து ஊழியங்கள் பலவற்றுக்கு இப்படி ஒரு வாய்ப்பு வந்தால் ஸ்தோத்திரக் கூட்டம் நடத்தியிருப்போம். அவர்கள் வேண்டாம் என்றார்கள். மேடிசன் எழுதிய புகழ்பெற்ற மறுப்பு மனுவைவிட, இந்த மசோதா சுவிசேஷத்தின் ஆவிக்கே விரோதமானது என்று விசுவாசிகள் எழுதிய மனுவுக்குத்தான் அதிகக் கையெழுத்துகள் விழுந்தன. மசோதா செத்தது. 1786 ஜனவரியில், ஜெபர்சன் எழுதிய மதச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. அதன் முகவுரையில் இயேசு கிறிஸ்துவின் பெயரைச் சேர்க்க ஒரு முயற்சி நடந்ததையும், யூதனும் இஸ்லாமியனும் இந்துவும் பாதுகாப்புப் பெற வேண்டும் என்பதற்காகச் சட்டமன்றம் அதை நிராகரித்ததையும் ஜெபர்சன் தன் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். ஆம், இந்து என்றும் எழுதியிருக்கிறார்.

அற்புதங்களை நம்பாத ஜெபர்சனும் சிறைக் கம்பிக்குப் பின்னால் பாடிய போதகர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். என்னை மிகவும் நெகிழவைப்பது இந்தப் போதகர்கள்தான். அவர்களைச் சிறையில் அடைத்த ஏற்பாட்டையே 'கிறிஸ்தவ தேசம்' என்று பெயர் மாற்றிப் புகழ்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அடிமை முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதே வர்ஜீனியா பாப்டிஸ்டுகளின் பொதுக்குழு, போதகர் ஜான் லீலண்ட் எழுதிய தீர்மானத்தின்மூலம் 1789இல் அடிமை முறையை மனித இயற்கை உரிமையின்மேல் நடக்கும் வன்முறை என்று கண்டித்தது. நான்கே ஆண்டுகளில், இது சட்டமன்றத்தின் காரியம் என்று பின்வாங்கிவிட்டது. 1845இல் தென் மாநிலத்து பாப்டிஸ்டுகள் அடிமை முறையை விட மனமில்லாமல் தனிச் சங்கமாகவே பிரிந்துபோனார்கள். 1861இல் அதே தென் மாநிலங்கள் தங்களுக்கென்று ஓர் அரசியல் சட்டம் எழுதியபோது, 1787இல் விடுபட்டதைச் சரிசெய்தார்கள்: முகவுரையிலேயே சர்வவல்ல தேவனின் தயவையும் வழிநடத்துதலையும் வேண்டினார்கள். மனிதனை மனிதன் சொத்தாக வைத்திருக்கும் உரிமையையும் அதே சட்டத்தில் எழுதிவைத்தார்கள். சட்டத்தில் தேவனின் பெயர் இருந்தால் தேசம் ஆசீர்வதிக்கப்படும் என்பவர்கள் இந்தச் சட்டத்தை வாசித்துவிட்டு எனக்குப் பதில் எழுதட்டும்.

நம் தேசத்துக்கு வருகிறேன். நம் அரசியல் நிர்ணய சபையிலும் 1949 அக்டோபரில், முகவுரை தேவனின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச். வி. காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அது வாக்கெடுப்பில் தோற்றது. அந்தச் சபையில் ஹரேந்திர கூமர் முகர்ஜி போன்ற கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். சென்னையிலிருந்து போன ஜெரோம் டிசூசா பாதிரியாரும் இருந்தார். மதச் சிறுபான்மையினருக்கான தனி இட ஒதுக்கீடு வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கும் துணிவு அவர்களுக்கு இருந்தது. அவர்கள் விரும்பியது எந்த மதத்தவனும் தன் விசுவாசத்தைக் கடைப்பிடிக்கவும், சொல்லவும், பரப்பவும் உள்ள உரிமையை. அதுவே 25ஆம் பிரிவாக இன்று நம்மைக் காக்கிறது. வர்ஜீனியாக்காரர்களைப் போலவே, தங்களுக்கு மட்டும் என்று கேட்காமல் எல்லோருக்கும் கேட்டுப் பெற்றதால்தான் அது நிலைத்திருக்கிறது.

இங்கே நாம் சிறு கூட்டம். ஒரு மதம் அரசைக் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்ற பயம் நம் சபைகளில் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. அப்படிப் பயப்படும் நாமே, அரசு நம் மதத்தின் கையில் இருந்த நாட்டை முன்மாதிரியாகக் காட்டி ஜெபிக்கலாமா? நீதிக்காகவும் சமாதானத்துக்காகவும் ஆளுகிறவர்களுக்காகவும் உங்கள் சபை ஜெபித்தால் நானும் முழங்காலிடுவேன். இந்தியா கிறிஸ்தவ அரசாக வேண்டும் என்ற ஜெபத்துக்கு என்னால் ஆமென் சொல்ல முடியாது.