பேனாக்கத்தியை பிரிட்டனுக்கு எடுத்துவரலாமா?

தம்பி, செப்டம்பரில் லீட்ஸுக்குப் படிக்க வருவதாகவும், அப்பா கொடுத்த பேனாக்கத்தியைக் கொண்டுவந்து பையிலேயே வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கொண்டுவரலாம். ஆனால் எல்லா மடக்குக் கத்திக்கும் இந்தப் பதில் பொருந்தாது. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

விமானப் பயணத்தைப் பொறுத்தவரை விஷயம் எளிது. கைப்பையில் வைக்காதீர்கள், சாவிக்கொத்தில் மாட்டிய சின்னக் கத்தியைக்கூட. சென்னையில் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொண்டால் திரும்பக் கிடைக்கும் என்று நம்ப முடியாது. செக்-இன் பெட்டியில், பெட்டியைத் திறந்து பார்ப்பவரின் கையில் குத்தாதபடி துணியில் சுற்றி, நடுவில் வையுங்கள். துபாயிலோ தோஹாவிலோ விமானம் மாறினால் அங்கேயும் கைப்பையைச் சோதிப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இங்கே வந்து இறங்கிய பிறகுதான் கவனம் வேண்டும். ஊரில் பழம் நறுக்கவும் கயிறு அறுக்கவும் பையில் கத்தி கிடப்பது சாதாரணம். இங்கே 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டப்படி, தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதே குற்றம். யாரையும் மிரட்டியிருக்க வேண்டியதில்லை, வெளியே எடுத்திருக்கக்கூட வேண்டியதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதிகபட்சம் 4 ஆண்டு சிறை. இதற்கு ஒரே ஒரு விலக்கு, 3 அங்குலத்துக்கு மேற்படாத வெட்டும் முனை (கூர்மையான விளிம்பு) உள்ள மடக்கும் பேனாக்கத்தி. அதாவது 7.62 செ.மீ. அதை மட்டும் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, லாக். கத்தியை விரித்ததும் 'டக்'கென்று பூட்டிக்கொண்டு, ஒரு விசையை அழுத்தினால்தான் மடங்கும் என்றால் அது அந்த விலக்கில் வராது. முனை 2 அங்குலம்தான் இருந்தாலும் வராது. இதை நீதிமன்றம் 1990-களிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் ஊரில் பலர் வைத்திருக்கும் சிவப்பு விக்டோரினாக்ஸ் கத்தியில், மடக்கியபோது 91 மி.மீ. நீளம் உள்ள வகை லாக் இல்லாதது, முனையும் 3 அங்குலத்துக்குள்தான். அதே கம்பெனியின் 111 மி.மீ. பெரிய வகை லாக் ஆகும். இடுக்கியும் கத்தியும் ஒன்றாக மடங்கும் லெதர்மேன் போன்ற கருவிகள் பலவற்றிலும் கத்தி லாக் ஆவது உண்டு. பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், சட்டத்தின் முன் இரண்டும் வேறு.

லாக் கத்தியோ நீளமான கத்தியோ வைத்திருந்தால் காரணத்தை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சமையல்காரர் தன் கத்திகளோடு வேலைக்குப் போவது, சீக்கியர் மத வழக்கப்படி கிர்பான் என்ற குறுவாள் அணிவது எல்லாம் ஏற்கப்படும் காரணங்கள். "போன வாரம் முகாமுக்குப் போனேன், பையிலேயே மறந்துவிட்டேன்" என்பது மட்டும் போதாது. பகுதிநேரமாகக் கிடங்கில் வேலை செய்யப்போகும் மாணவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன். அட்டைப்பெட்டி பிரிக்கும் கட்டரை ஷிஃப்ட் முடிந்ததும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். சனிக்கிழமை இரவு நகர மையத்தில் அது ஜாக்கெட் பையில் இருப்பதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்? காரில் போட்டு வைத்தாலும் இதே கதைதான்.

அப்புறம், "ராத்திரி தனியாக நடக்க வேண்டியிருக்கும், ஒரு பாதுகாப்புக்கு" என்று வீட்டில் யாராவது சொல்லி அனுப்பினால் தயவுசெய்து கேட்காதீர்கள். தற்காப்பு என்பது இங்கே ஏற்கப்படும் காரணமே அல்ல. அப்படிச் சொன்னால் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய சின்னப் பேனாக்கத்திகூட ஆயுதம் ஆகிவிடும், பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுக்கும் 1953-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து நிற்கும். கத்திக்குத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இந்த நாட்டில் நிறைய. போலீஸ் இதில் இவ்வளவு கறாராக இருப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. உங்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது, விசா. அடுத்த விசா விண்ணப்பத்தில் குற்றப் பதிவு உண்டா என்று கேட்பார்கள். படிப்புக்காக வீட்டில் வாங்கிய கடனை நினைத்துப் பாருங்கள், ஒரு கத்திக்காக அதைப் பணயம் வைக்கலாமா?

பட்டனை அழுத்தினால் தானாக விரியும் பட்டன் கத்தியை எந்தப் பெட்டியிலும் கொண்டுவர வேண்டாம். அதை இறக்குமதி செய்வதே தடை. 2021 முதல் வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றம்.

அம்மா அரிவாள்மனை கட்டிக் கொடுத்தால் செக்-இன் பெட்டியில் கெட்டியாகச் சுற்றிக் கொண்டுவாருங்கள், அது சமையல் சாமான்தான். ஆனால் விடுதி ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுங்கள், அங்கே தனி விதி இருக்கலாம். காய் நறுக்கும் கத்தியை இங்கேயே வாங்கலாம், 18 வயதுக்கு அடையாள அட்டை கேட்பார்கள். வாங்கியதும் உறையைப் பிரிக்காமல், ரசீதோடு நேராக அறைக்குக் கொண்டு போங்கள்.

இப்போது அப்பாவின் கத்தியை விரித்து, ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். முதுகுப் பக்கம் அழுத்தினால் தானாக மடங்குகிறதா என்றும் பாருங்கள். மடங்கி, 3 அங்குலத்துக்குள் இருந்தால் தாராளமாகக் கொண்டுவந்து மேசை இழுப்பறையில் வையுங்கள். யார்க்‌ஷயர் டேல்ஸ் பக்கம் மலையேறப் போகும்போது ஆப்பிள் நறுக்க உதவும். பூட்டிக்கொண்டால் அப்பாவிடமே இருக்கட்டும்.