ஐசியூவிலிருந்து வந்து மாதங்கள் ஆகியும் அப்பா ஏன் பழையபடி இல்லை?

"ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்கிறார் டாக்டர். ஆனால் அப்பா நாற்காலியை விட்டு எழவே யோசிக்கிறார், கேட்டதையே திரும்பக் கேட்கிறார், எரிந்து விழுகிறார். சோம்பலா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சோம்பல் இல்லை. நிமோனியா முற்றி வென்டிலேட்டரில் கிடந்து மீண்டவன் நான், அடித்துச் சொல்வேன்.

நுரையீரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்பதைத்தான் ரிப்போர்ட் சொல்லும். மாடி ஏற முடிகிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா என்பதெல்லாம் அதில் வராது. உடம்பு, நினைவாற்றல், மனசு என்று எல்லாவற்றிலும் தங்கிப்போகும் இந்தத் தொல்லைகளை மருத்துவர்கள் ஒன்றாகச் சேர்த்து 'போஸ்ட் இன்டென்சிவ் கேர் சிண்ட்ரோம்' என்கிறார்கள்.

தசைதான் முதலில் அடிவாங்கும். 2013-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் ஐசியூ நோயாளிகளின் தொடைத் தசையை ஸ்கேன் செய்தார்கள். பத்தே நாளில் அதன் குறுக்குவெட்டுப் பரப்பு சராசரியாக 17.7 சதவீதம் குறைந்திருந்தது. எனக்கு அது டாய்லெட்டில் தெரிந்தது. உட்கார்ந்துவிடலாம், எழ முடியாது. சுவரில் கையை ஊன்றி, முன்னால் சாய்ந்து, மூச்சைப் பிடித்துத் தம் கட்டி எழுந்தால் முழங்கால் வெடவெடக்கும். தலை துவட்டத் தூக்கிய கை பாதியிலேயே இறங்கிவிடும். கனடாவில் கடும் நுரையீரல் பாதிப்பிலிருந்து மீண்டவர்களை ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். நுரையீரல் கிட்டத்தட்ட சரியான பிறகும், ஐந்தாம் வருடத்தில்கூட 6 நிமிடத்தில் அவர்கள் நடந்த தூரம் எதிர்பார்க்கும் அளவில் 76 சதவீதம்தான். அவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வயதினர். நாலு மாதத்தில் அப்பா ஓடியாட வேண்டும் என்றால் எப்படி?

 

கேட்டதையே கேட்பதும் இதோடு வருவதுதான். போனில் வந்த ஓடிபியைப் பார்த்துவிட்டு டைப் செய்யப் போவதற்குள் எனக்கு மறந்துவிடும். 2013-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஐசியூவிலிருந்து மீண்டவர்களில் ஒரு வருடம் கழித்தும் 34 சதவீதம் பேரின் நினைவு, சிந்தனைத் திறன் தலையில் நடுத்தர அளவு அடிபட்டவர்களுக்கு இருக்கும் அளவிலேயே இருந்தது. ஐசியூவில் மனக்குழப்பம் எத்தனை நாள் நீடித்ததோ அதைப் பொறுத்து இந்தப் பாதிப்பும் கூடியது.

அந்தக் குழப்பத்தில்தான் எரிச்சலுக்கும் வேர் இருக்கும். நர்ஸுகள் என்னைக் கட்டிப்போட்டுக் கப்பலில் கடத்துவதாக நம்பினேன். கை கட்டியிருந்தது நிஜம், குழாயைப் பிடுங்கிவிடுவேன் என்று. கப்பல் மட்டும் பொய். வீட்டுக்கு வந்தும் கண்ணை மூடினால் கப்பல் வரும், வெளியே சொல்ல வெட்கம். என் மனைவி அந்த நாட்களில் நடந்ததை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள். அதைப் படித்த பிறகுதான் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பிரிக்க முடிந்தது. ஐரோப்பாவில் பல ஐசியூக்களில் நர்ஸுகளே இப்படி டைரி எழுதித் தருகிறார்கள். உங்களிடம் நோட்டு இல்லாவிட்டாலும் அன்றைய வாட்ஸ்அப் மெசேஜ்கள் தேதியோடு இருக்குமே. அப்பா கேட்கும்போது சொல்லுங்கள், நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

அடுத்த செக்கப்பில் "எப்படி இருக்கிறார்?" என்றால் "பரவாயில்லை" என்று முடித்துவிடாதீர்கள். எழ முடியாததை, மறதியை, தூக்கமின்மையைத் தனித்தனியாகச் சொல்லி, பிசியோதெரபிக்கும் மனநல மருத்துவருக்கும் எழுதித் தரச் சொல்லுங்கள். சாப்பிடும்போது இருமுகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள், வென்டிலேட்டருக்காகத் தொண்டையில் குழாய் போட்டிருந்தவர்களுக்கு விழுங்குவதில் சிக்கல் வரலாம். மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டு போங்கள். ஐசியூவில் தூக்கத்துக்கும் குழப்பத்துக்கும் ஆரம்பித்த மாத்திரை தேவை தீர்ந்தும் ஓடிக்கொண்டிருக்கலாம். நீங்களாக நிறுத்தாமல், இது இன்னும் வேண்டுமா என்று டாக்டரிடமே கேளுங்கள்.