அலுவலகக் கணினிகளைத் திறமூல மென்பொருளுக்கு மாற்ற நிர்வாகத்தை எப்படி இணங்க வைப்பது?

திறமூலக் கணினி என்பது, இயங்குதளம் முதல் அலுவலகச் செயலிகள் வரை, மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருள்களால் இயங்கும் கணினி. லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு, அலுவலகச் செயலித் தொகுப்பான லிப்ரெஆபீஸ் ஆகியவை இத்தகைய மென்பொருள்களுக்கு எடுத்துக்காட்டுகள்.

நிர்வாகம் தயங்குவது பெரும்பாலும் லினக்ஸின் மீதுள்ள வெறுப்பால் அன்று; நாளைய வேலை நின்றுவிடுமோ என்ற நியாயமான அச்சத்தால்தான். ஆகவே மென்பொருள் சுதந்திரக் கொள்கையை முன்வைப்பதைவிட, அந்த அச்சத்தைக் குறைக்கும் வரிசையை முன்வைப்பதே பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. பிரான்சின் ஜாந்தார்மெரி காவல் படை 2005இல் விண்டோஸை வைத்துக்கொண்டே ஓப்பன் ஆபீஸ் என்ற திறமூல அலுவலகச் செயலித் தொகுப்புக்கு மாறியது. அடுத்து ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் தண்டர்பேர்டு மின்னஞ்சல் செயலியும் வந்தன. 2008 முதல்தான் உபுண்டுவுக்கு நகரத் தொடங்கியது. பழகிய பாத்திரங்களோடும் கட்டிலோடும் வீடு மாறுபவர்களுக்குப் புது வீடு அந்நியமாகத் தோன்றாதது போல, செயலிகள் முன்பே பழகியிருந்தால் இயங்குதள மாற்றம் ஊழியர்களுக்குப் பெரிய அதிர்ச்சியாக இராது.

விண்டோஸில் மட்டுமே இயங்கும் கணக்கு மென்பொருள், சிக்கலான மேக்ரோக்கள் (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்) கொண்ட எக்செல் கோப்புகள், அச்சுப்பொறிகள் ஆகியவற்றை முதலிலேயே பட்டியலிடுங்கள். பல முயற்சிகள் இடறும் இடம் இதுவே. பிறகு விருப்பமுள்ள ஒரு சிறு பிரிவில் சோதித்து, கிடைத்த விளைவுகளைக் குறைகளோடு சேர்த்தே நிர்வாகத்திடம் காட்டுங்கள்.

திறமூலம் என்றால் செலவே இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். உரிமக் கட்டணம் பெரும்பாலும் இல்லை என்றாலும், பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கியே ஆகவேண்டும்.