பிஸ்கட் மூட்டு: கேள்விகளும் பதில்களும்

கே: அண்ணே, எந்த அளவு பிஸ்கட் வாங்கணும்?

ப: அழுத்திச் செய்த நீள்வட்டமான பீச் (beech) மரத்துண்டுதான் பிஸ்கட் தம்பி. சேர்க்கும் இரண்டு பலகையிலும் வட்டப் பிளேடால் காடி, அதாவது குறுகிய பள்ளம், வெட்டி, பசை தடவி, பாதி இதிலும் பாதி அதிலுமாகச் செருகுவோம். 0 எண் 47×15 மி.மீ., 10 எண் 53×19, 20 எண் 56×23. மூன்றுமே சுமார் 4 மி.மீ. தடிமன். 18 மி.மீ. பிளைவுட்டுக்கு 20 எண் போடுங்கள். 12 மி.மீ. பலகையின் முகத்தில் (அகலமான பரப்பில்) 20 எண் வேண்டாம்: அதற்கான காடி 12 மி.மீ.க்குச் சற்று மேல் இறங்கும், பிளேடு மறுபக்கம் வந்துவிடும். அங்கே 0 எண், 8 மி.மீ. ஆழம்.

கே: தேக்குப் பலகைகளை ஒட்டி மேசை செய்தேன். பாலிஷ் போட்டு ஒரு மாதத்தில் மூட்டு நெடுக நீள்வட்டமாகப் பள்ளம் தெரிகிறது. ஏன் சார்?

ப: சீக்கிரமே இழைத்துவிட்டீர்கள். பசையில் இருக்கும் தண்ணீரைக் குடித்து பிஸ்கட் உப்பும். காடியை இறுக்கிப் பிடிப்பதே அதனால்தான். சுற்றியுள்ள மரமும் அந்த ஈரத்தில் லேசாக மேடேறும். அந்த மேட்டை இழைப்புளியால் சமமாக்கினால், ஈரம் போனதும் மரம் சுருங்கி அங்கே பள்ளம் விழும். கிளாம்பை (ஒட்டியதை இறுக்கிப் பிடிக்கும் கருவி) கழற்றியபின் குறைந்தது மூன்று நாள், மழைக்காலத்தில் ஒரு வாரம் விட்டுவிட்டு இழையுங்கள். காடியைப் பலகைத் தடிமனின் நடுவில் வையுங்கள்.

கே: எத்தனை அங்குலத்துக்கு ஒன்று?

ப: 6 முதல் 8 அங்குலம். ஓரத்திலிருந்து 2 அங்குலம் தள்ளி.

கே: நாற்காலிக் காலுக்குப் போடலாமா?

ப: கூடாது. ஆள் சாயும்போது வரும் நெம்புதலை அந்தச் சின்னத் துண்டு தாங்காது. ஒரு கட்டையில் துளையிட்டு, மற்றதன் முனையை நாக்காகச் செதுக்கிச் செருகுங்கள்.

கே: பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டும்போது பிஸ்கட் வலு கூட்டாது என்று முன்பு சொன்னீர்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். மரத்துக்குள் மரம் புகுந்தால் வலுக்கூடாதா?

ப: ஒட்டிய துண்டு ஒன்றை உடைத்துப் பாருங்கள். நன்றாக இழைத்து, பசை தடவி, கிளாம்ப் போட்டிருந்தால் பசைக்கோட்டுக்குப் பக்கத்தில் மரம்தான் பிளக்கும். நாரும் நாரும் இணையாகச் சேரும் இடத்தில் பசையே போதும். அங்கே பிஸ்கட் செய்யும் வேலை, பலகைகள் மேலும் கீழும் நழுவாமல் நிறுத்துவது.

கே: அப்போ 45 டிகிரி மூலையிலும் வீண்தானா?

ப: இல்லவே இல்லை. குறுக்கே அறுத்த முனை பசையை உறிஞ்சிவிடும், பிடிப்பு வராது. அங்கே பிஸ்கட்டின் தட்டையான முகம் பசைக்கு நல்ல பிடி தருகிறது. அதன் நார் சாய்வாக ஓடுவதால் மூட்டுக்கோட்டின் வழியே பிளக்காது. பிளைவுட் பெட்டி மூலைக்கும் இதே பலன் உண்டு. பிஸ்கட் எங்கே வலு, எங்கே நேர்த்தி என்று பிரித்துப் பார்க்கணும்; என் வாதம் அவ்வளவே.

கே: 50 மி.மீ. அகலச் சட்டங்களை நேர்மூலையாகச் சேர்க்க 0 எண் போதுமா?

ப: 100 மி.மீ. பிளேடு 8 மி.மீ. இறங்கினால் காடி நீளம் 54 மி.மீ. வெளியே தெரியும். டவல் (dowel, உருண்டை மரக்குச்சி) போடுங்கள்.

கே: ஸ்டூல் காலுக்கு?

ப: நாற்காலிக்குச் சொன்னதே.

கே: ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பிளேடு மாட்டிக் காடி போடலாமா?

ப: வேண்டவே வேண்டாம். கருவி உதைத்தால் விரல் போகும்.

கே: காடி சரியாக இருக்கு, பிஸ்கட் நுழையவில்லை.

ப: காற்றில் ஈரம் குடித்துத் தடித்திருக்கும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் மெல்லிய பலகை பிளக்கும். வெயிலில் காயவைத்து மறுபடி செருகிப் பாருங்கள். மீதியை மூடி இறுகும் டப்பாவில் போடுங்கள். பசையைக் காடியின் இரு சுவர்களிலும் தடவுங்கள். ஒட்டிய மூன்று நாளைக்கு இழைப்புளியைத் தொடாதீர்கள்.