ஓசோன் உடன்படிக்கை: கேளுங்கள், சொல்கிறேன்

வணக்கம். குளிர்சாதன மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் 26 வருடம் இருந்தேன். அதில் பாதிக்கு மேல், ஓசோன் படலத்தைக் காக்க நாடுகள் போட்டுக்கொண்ட மாண்ட்ரியல் உடன்படிக்கையின் பன்னாட்டு நிதியில் நடந்த வகுப்புகள். கோயம்புத்தூரில் ஒரு சின்னப் பட்டறைக்குள், பழைய கேஸை வெளியே விடாமல் பிடிக்கும் புத்தம் புது ரெக்கவரி மெஷின் வந்து இறங்கியது. அதற்கு யார் பணம் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்று தேடப்போய்த்தான் உடன்படிக்கையின் ஷரத்துகளைப் படிக்க ஆரம்பித்தேன். இன்னும் விடவில்லை. அரசுகள் கூடிப் பேசி, பேசியதைச் செய்தும் காட்டிய சுற்றுச்சூழல் ஒப்பந்தம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அது எப்படி நடந்தது என்று கேளுங்கள். ஏசி ரிப்பேர் கேள்விகளை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

செல்வி, தஞ்சாவூர்: ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் சார். இத்தனை நாடுகள் எப்படி ஒத்துக்கொண்டன?

1974-ல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் இருவரும் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஃப்ரிட்ஜிலும் ஸ்ப்ரே டப்பாவிலும் இருக்கும் சிஎஃப்சி வாயு எதோடும் சேராது, அதனால் கீழே அழியாமல் மெல்ல மேலே போகும், அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடையும், வெளிவரும் குளோரின் ஓசோனைத் தின்னும் என்றார்கள். தயாரிப்பாளர்கள் ஆதாரம் கேட்டார்கள். அமெரிக்கா 1978-ல் ஸ்ப்ரேக்கு மட்டும் தடை போட்டது. ஐரோப்பா இழுத்தடித்தது.

1985 மார்ச் 22 அன்று வியன்னாவில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு கிலோ வாயுவைக் குறைக்கச் சொல்லும் வரிகூட அதில் கிடையாது. ஆராய்ச்சி செய்வோம், தகவல் பகிர்வோம் என்பதோடு சரி. அதே வருடம் மே மாதம்தான் ஜோசப் ஃபார்மனும் சகாக்களும் அண்டார்க்டிகாவின் ஹாலி நிலைய அளவுகளை வெளியிட்டார்கள். ஓசோனை அளக்கும் டாப்சன் அலகில், அக்டோபரில் 300 பக்கம் இருந்தது 200-க்கு இறங்கியிருந்தது. ஓசோன் ஓட்டை என்பது இதைத்தான். நாடுகள் உட்கார்ந்து பேச அதற்குள் ஓர் இடம் தயாராக இருந்தது. பசி வரும் முன்னாலேயே இலை போட்டு வைத்த மாதிரி. வியன்னா ஒப்பந்தத்தை வெற்றுக் காகிதம் என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

1987 செப்டம்பர் 16-ல் மாண்ட்ரியல். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைவர் முஸ்தபா டோல்பா எகிப்துக்காரர், நுண்ணுயிரியல் படித்தவர். முக்கியமான சில நாட்டுக் குழுத் தலைவர்களை மட்டும் தனியாகக் கூட்டி, யாரையும் கட்டுப்படுத்தாத ஒரு வரைவைத் தன் பெயரில் வைத்துப் பேசவைத்தார். யாருடைய அரசும் அதற்குப் பொறுப்பு இல்லை என்பதால் அவர்களால் மனம் விட்டுப் பேச முடிந்தது. ஓட்டைக்குக் காரணம் சிஎஃப்சிதான் என்று அண்டார்க்டிக் ஆய்வு உறுதி செய்தது கையெழுத்துக்குப் பிறகுதான். முழு ஆதாரம் வரட்டும் என்று அன்று யாரும் காத்திருக்கவில்லை.

அன்று ஒத்துக்கொண்டது, நூற்றாண்டு முடிவதற்குள் பாதியாகக் குறைப்பது, அவ்வளவுதான். ஆனால் 2-வது ஷரத்தின் 9-வது பத்தியைப் பாருங்கள். ஏற்கெனவே பட்டியலில் உள்ள வாயுவுக்கு இன்னும் கடுமையான கெடு வைக்க வேண்டுமானால், கூட்டத்தில் முடிவெடுத்தால் போதும், ஒவ்வொரு நாடாளுமன்றத்துக்கும் மறுபடி போக வேண்டாம். அதன் பலத்தில் 1990-ல் லண்டனில் '2000-க்குள் முழு நிறுத்தம்' என்றார்கள். 1992-ல் கோபன்ஹேகனில் வளர்ந்த நாடுகளுக்கு அதை 1996-ஆக முன்னே இழுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு போதும் என்று விதி இருந்தும், ஒருமித்தே முடிவெடுத்து வந்திருக்கிறார்கள்.

பிரகாஷ், சேலம்: ஓசோனில் ஓட்டை விழுந்ததால்தானே வெயில் இப்படிக் கொளுத்துகிறது?

இல்லை. ஓசோன் குறைந்தால் புற ஊதாக் கதிர் அதிகம் இறங்கும். தோல் புற்று, கண்புரை, பயிர்ச் சேதம் எல்லாம் அதனால் வருபவை. பூமி சூடாவது, கரியமில வாயு போன்றவை வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைப்பதால். இரண்டும் வேறு வேறு. இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கார்த்திக், சென்னை: 1987-ல் உலகமே கையெழுத்திட்டது. இந்தியா சேர்ந்தது 1992-ல். ஐந்து வருடம் முட்டுக்கட்டை போட்டோம் என்பதை ஒத்துக்கொள்கிறீர்களா?

முதலில், அன்று மாண்ட்ரியலில் கையெழுத்திட்டவை 24 நாடுகளும் ஐரோப்பியச் சமூகமும்தான். உலகமே அல்ல.

முட்டுக்கட்டை என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. 1987-ன் வாசகம் வளரும் நாடுகளுக்குப் பத்து வருட அவகாசம் தந்தது. தலைக்கு வருடம் 0.3 கிலோவுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அந்தச் சலுகை. இந்தியா அந்த வரம்புக்கு வெகு கீழே இருந்தது. அதோடு, சேராத நாடுகளோடு சிஎஃப்சி வணிகம் கூடாது என்றது 4-வது ஷரத்து. சேர்ந்தால் மாற்று நுட்பத்தை வெளியே விலைக்கு வாங்கியாக வேண்டும், அதற்குப் பணம் எங்கே என்பதற்கு ஒரு வரியும் இல்லை. ஃப்ரிட்ஜ் அப்போதுதான் நம் வீடுகளுக்கு வர ஆரம்பித்திருந்தது.

1990 ஜூனில் லண்டன் கூட்டத்துக்கு அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி போனார். நுட்பமும் நிதியும் வந்தால்தான் கடமை என்பது இந்தியாவின் நிலை. கடைசியில் இறங்கி வந்த வாசகம் 5-வது ஷரத்தின் 5-வது பத்தியில் இருக்கிறது: கடமையை நிறைவேற்றும் திறன், நிதி உதவியும் தொழில்நுட்ப மாற்றமும் நடைமுறையில் கிடைப்பதைப் பொறுத்தது. 10-வது ஷரத்தில் பன்னாட்டு நிதி பிறந்தது. முதல் மூன்று வருடத்துக்கு 16 கோடி டாலர், இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் 24 கோடி. அந்த 8 கோடி யாருக்காக எழுதப்பட்டது என்று நீங்களே பாருங்கள். சீனா 1991-ல் சேர்ந்தது, நாம் 1992-ல்.

நிரஞ்சன், யாழ்ப்பாணம்: நாங்கள் 1989-லேயே சேர்ந்துவிட்டோம். பேரம் பேசவில்லை. பெரிய நாடுகள் பேரம் பேசியதால் கிடைத்த நிதியில் எங்களுக்கும் பங்கு வந்தது என்பது உண்மைதான். ஆனால் எல்லாரும் இந்தியா மாதிரி வெளியே நின்றிருந்தால் உடன்படிக்கை நடைமுறைக்கே வந்திருக்காதே ஐயா?

நியாயமான கேள்வி, நிரஞ்சன். ஆமாம், யாராவது உள்ளே போயிருக்க வேண்டும். இலங்கை, மெக்சிகோ, எகிப்து போன்றவை உள்ளே இருந்து பேசின, இந்தியாவும் சீனாவும் வாசலில் நின்று பேசின. இரண்டும் சேர்ந்துதான் அந்த 10-வது ஷரத்து. 2001-ல் உறுப்பு நாடுகளின் கூட்டமே கொழும்பில் நடந்தது. சிறிய நாடு என்று ஒதுக்கிவிட முடியாது.

கார்த்திக், சென்னை: மன்னிக்கவும் சார், நீங்கள் நாட்டுப்பற்றில் பேசுகிறீர்கள். நுட்பம் வந்தால்தான் என்று நின்றோமே, வந்ததா?

கொஞ்சம் வந்தது, கேட்ட அளவுக்கு வரவில்லை. சிஎஃப்சிக்கு மாற்றாக வந்த எச்எஃப்சி-134ஏ வாயுவைத் தயாரிக்கும் நுட்பத்தை விலைக்குக் கேட்ட இந்திய நிறுவனங்களுக்கு எட்டாத விலை சொன்னார்கள். கடைசியில் ஒரு நிறுவனம் சொந்தமாகவே உருவாக்கிக்கொண்டது. இந்த இடத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

நிதி விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதன் செயற்குழுவில் 14 இடம். 7 பணம் கொடுக்கும் நாடுகளுக்கு, 7 வாங்கும் நாடுகளுக்கு. முடிவு நிறைவேற இரு பக்கமும் தனித்தனியே பெரும்பான்மை வேண்டும். கொடுப்பவன் கை மேலே, வாங்குபவன் கை கீழே என்ற வழக்கம் அங்கே செல்லாது. ஆலையை மாற்ற ஆகும் கூடுதல் செலவு எவ்வளவு என்று கணக்குப் போட்டு அதைத்தான் தருவார்கள். இந்தியாவில் சிஎஃப்சி தயாரித்த நான்கு ஆலைகளில் ஒன்று நம் மேட்டூரில் இருந்தது. 2008 ஆகஸ்ட் 1-ல், கெடுவுக்கு 17 மாதம் முன்பாகவே, நாடு முழுக்க அந்தத் தயாரிப்பு நின்றது. மூச்சுத்திணறலுக்கான இன்ஹேலருக்கு மட்டும் விலக்கு. முட்டுக்கட்டை போட்டதாகச் சொல்லப்படும் நாடு செய்தது இது. பட்டறையில் நான் பார்த்த மெஷினும் அந்தப் பணம்தான். இது நாட்டுப்பற்றில் சொல்வதல்ல, கார்த்திக். 10-வது ஷரத்தை முழுவதும் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

அனிதா, திருச்சி: ஓசோன் ஓட்டை அடைந்தால் வெயில் குறையுமா?

பிரகாஷுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

ரஃபீக், மேலப்பாளையம்: ஏசி மெக்கானிக் நான். ஆர்-22 மெஷினில் ஆர்-290 ஏற்றலாமா அண்ணா? சர்வீஸ் செய்யும்போது பழைய கேஸை என்ன செய்வது?

ஏசி கேள்வி வேண்டாம் என்றேன், ஆனால் இது உயிர் விஷயம் தம்பி. ஏற்றாதே. ஆர்-290 என்பது புரொப்பேன், தீப்பிடிக்கும். அதற்கென்றே செய்த மெஷினில்தான் ஏற்ற வேண்டும். பழைய கேஸை ரெக்கவரி சிலிண்டரில் பிடி. வால்வைத் திறந்து வெளியே விடாதே. யார் என்ன சொன்னாலும் வெளியே விடாதே.

தேவி, மதுரை: யாராவது ஏமாற்றினால் எப்படித் தெரியும்?

காற்றே காட்டிக்கொடுக்கும். 2018-ல் ஸ்டீஃபன் மான்ட்ஸ்கா குழு, குறைய வேண்டிய சிஎஃப்சி-11 குறையும் வேகம் தளர்ந்துவிட்டது, எங்கோ புதிதாகத் தயாரிக்கிறார்கள் என்று எழுதியது. அடுத்த வருடம் தென் கொரியாவின் கோசான், ஜப்பானின் ஹதெருமா நிலையங்களின் அளவுகளை வைத்து, அந்தக் கூடுதலில் பெரும் பங்கு கிழக்குச் சீனாவிலிருந்து, முக்கியமாக ஷான்டோங், ஹெபெய் மாகாணங்களின் பக்கமிருந்து வருகிறது என்று காட்டினார்கள். சீனா சோதனைகளை முடுக்கியது. 2021-க்குள் அளவு மறுபடி இறங்கிவிட்டது. ஒரு நாட்டைக் கூண்டில் ஏற்றாமல், அளவுகளை மேசையில் வைத்தே இதைச் சாதித்தார்கள்.

மணிகண்டன், ஓசூர்: கிகாலி என்கிறார்களே, அது என்ன?

லீக் பார்க்க முன்பெல்லாம் ஹாலைடு டார்ச் வைத்திருப்போம். அதன் குழாய் முனையை இணைப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், கேஸ் கசிந்தால், செம்புத் தகட்டில் சுடர் பச்சையாக மாறும். குளோரின் காட்டும் நிறம் அது. 134ஏ வந்த பிறகு எவ்வளவு கசிந்தாலும் சுடர் நிறம் மாறவில்லை. குளோரின் இல்லை, ஓசோனுக்குக் கேடில்லை. ஆனால் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் அதே எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். 2016 அக்டோபர் 15 அன்று ருவாண்டாவின் கிகாலியில், விடிய விடியப் பேசி இந்த எச்எஃப்சி வகையையும் பட்டியலில் சேர்த்தார்கள். 2031-ல்தான் உச்சவரம்பு வைக்க முடியும் என்று போன இந்தியா 2028-க்கு ஒத்துக்கொண்டது. 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். நாம் முறைப்படி சேர்ந்தது 2021-ல்.

சிஎஃப்சியும் இப்படி வெப்பத்தைப் பிடிக்கும் என்று 1975-லேயே கண்டு சொன்னவர் வீரபத்ரன் ராமநாதன். தமிழ்நாட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டி நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டுத்தான் அமெரிக்கா போனார். நம் தொழிலில் இருந்து போனவர் என்று என் வகுப்புகளில் தவறாமல் சொல்வேன்.

குமார், வேலூர்: அப்படியென்றால் ஓசோன் ஓட்டைக்கும் வெயிலுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்றுதானே ஆகிறது?

வாயு ஒன்று, அது செய்யும் கேடு இரண்டு. ஓட்டை வெயிலை உண்டாக்கவில்லை. இந்தக் கேள்விக்கு இனிமேல் பதில் எழுத மாட்டேன்.

செல்வி, தஞ்சாவூர்: ஓட்டை எப்போது மூடும் சார்?

1980-ன் நிலைக்கு அண்டார்க்டிகா 2066 வாக்கில் திரும்பும் என்பது 2022 மதிப்பீடு. ஆர்க்டிக் 2045, மற்ற இடங்கள் 2040. எல்லா நாடுகளும் இப்போதுபோலவே நடந்துகொண்டால்.

கார்த்திக், சென்னை: 10-வது ஷரத்தைப் படித்தேன் சார். நிதி பற்றி நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைசிப் பத்தி புரியவில்லை. மற்ற சுற்றுச்சூழல் விஷயங்களில் பின்னால் வரக்கூடிய ஏற்பாடுகளை இது பாதிக்காது என்று ஏன் எழுதியிருக்கிறார்கள்? கரியமில வாயுவுக்கு இப்படி ஒரு நிதி ஏன் அமையவில்லை?

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் அந்தப் பத்திதான். 1990 மே மாதம் வரை அமெரிக்கா இந்த நிதியை எதிர்த்தது. ஓசோனுக்கு ஆகும் தொகை அவர்களுக்குப் பெரிதல்ல. நாளைக்குப் பருவநிலை மாற்றத்துக்கும் இதே கணக்கில் கேட்பார்களே என்பதுதான் பயம். ஜூனில் மனம் மாறி ஒத்துக்கொண்டபோது, இதை முன்னுதாரணமாகக் காட்டக்கூடாது என்பதற்காக அந்தப் பத்தியைப் போட்டார்கள்.

சிஎஃப்சி ஒரு சில நிறுவனங்கள் தயாரித்த பொருள், மாற்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, கரி அப்படியல்ல என்பதும் உண்மை. ஆனால் பண விஷயத்தில் என்ன ஆனது என்று பாருங்கள். 2009-ல் கோபன்ஹேகனில் நடந்த பருவநிலை மாநாட்டில், வளரும் நாடுகளுக்கு 2020-க்குள் வருடத்துக்கு 10,000 கோடி டாலர் என்றார்கள். யார் எவ்வளவு தருவது என்ற பங்கு எழுதப்படவில்லை. மாண்ட்ரியல் நிதியில் ஐ.நா. சந்தா விகிதப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் பங்கு எழுதியிருக்கிறது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். பருவநிலைக்குச் சொன்ன அந்தத் தொகையை 2022-ல்தான் எட்டினார்கள். 2024-ல் பாகு பருவநிலை மாநாட்டில் 2035-க்குள் வருடத்துக்கு 30,000 கோடி டாலர் என்று முடிவானபோது, எங்களைப் பேசவிடாமலே அறிவித்துவிட்டீர்கள் என்று இந்தியப் பிரதிநிதி அந்த அரங்கிலேயே எழுந்து சொன்னார்.